சில்வர் வேகன் ஆரும் சின்னச் சின்னக் கீறல்களும்: நீண்ட நாள் அனுபவம்

2015-ல் வாங்கிய வேகன் ஆர் இன்னும் எங்கள் வீட்டில்தான் ஓடுகிறது. சில்க்கி சில்வர் நிறம். வீடு திருவான்மியூரில், அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் பார்க்கிங். ஒரு பக்கம் தூண், மறுபக்கம் பக்கத்து வீட்டு ஸ்கூட்டி. ஹேண்டில்பார் உரசியது, சாவி பட்டது, ஷேர் ஆட்டோ தேய்த்துக்கொண்டு போனது, கவர் கயிறு காற்றில் ஆடி ஆடி அறுத்தது, பூனை நகம் என்று எல்லா வகைக் கீறலும் இந்த வண்டியில் விழுந்திருக்கிறது. முக்கால்வாசியை நானே சரிசெய்தேன். எது நின்றது, எது நிற்கவில்லை என்பதை இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியும். யூடியூப் வீடியோக்கள் துடைத்து முடித்த அந்த நிமிஷத்தோடு நின்றுவிடுகின்றன. அடுத்த மழைக்காலம் போன பிறகு அந்த இடம் எப்படி இருந்தது என்று யாரும் காட்டுவதில்லை.

எதில் கை வைப்பதற்கு முன்பும் பெயின்டின் கனம் மனதில் இருக்க வேண்டும். தகட்டின் மேல் முதலில் துரு பிடிக்காமல் இருக்க மின்சாரம் பாய்ச்சிப் படியவைக்கும் அடிப்பூச்சு, அதன்மேல் பிரைமர், அப்புறம் நிறம் தரும் பேஸ் கோட், கடைசியாக நிறமே இல்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்ந்து பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதில் கிளியர் கோட் சுமார் 40 மைக்ரான். ஒரு தலைமுடியே பெரும்பாலும் இதைவிடத் தடிமனாக இருக்கும். பளபளப்பும் வெயிலிலிருந்து நிறத்துக்குக் கிடைக்கும் பாதுகாப்பும் அந்த மெல்லிய மேல்பூச்சில்தான் இருக்கின்றன. கீறலை எடுக்கிறேன் என்று நாம் தேய்ப்பதும் அதைத்தான்.

கீறல் விழுந்ததும் அந்த இடத்தை நன்றாகக் கழுவிவிட்டு ஈரத்தோடு பார்ப்பேன். தண்ணீர் இருக்கும்போது கோடு மறைந்து, காய்ந்ததும் திரும்ப வந்தால் அது கிளியர் கோட்டைத் தாண்டவில்லை என்று அர்த்தம். அப்புறம் விரல் நகத்தைக் குறுக்கே இழுத்துப் பார்ப்பேன். வழுக்கிக்கொண்டு போனால் பாலிஷிலேயே போய்விடும். லேசாகத் தட்டினால் காம்பவுண்ட், அதாவது பாலிஷைவிடக் கடுமையாக மேல்பூச்சைத் தேய்த்தெடுக்கும் பசை, தேவைப்படும். நகம் உள்ளே இறங்கி நின்றால் காம்பவுண்டை எடுக்கவே கூடாது. அங்கே பெயின்ட் வைத்துத்தான் ஆக வேண்டும். கோட்டின் அடியில் சாம்பல் நிறம் தெரிந்தால் பெரும்பாலும் பிரைமர், பளிச்சென்று மின்னினால் தகடு.

கீறல் மாதிரி தெரிவதெல்லாம் கீறலும் கிடையாது. ஷேர் ஆட்டோ உரசியபோது பின் பம்பரில் கை அகலத்துக்கு மஞ்சள் பட்டை. பார்த்ததுமே வயிறு எரிந்தது. ஆனால் அதில் பெரும்பகுதி ஆட்டோவின் பெயின்ட் நம் வண்டியில் ஒட்டியிருந்ததுதான். பாலிஷைத் துணியில் தொட்டுப் பொறுமையாகத் தேய்த்ததில் மஞ்சள் முழுக்கப் போய், அடியில் இரண்டே இரண்டு மெல்லிய கோடுகள் மிஞ்சின. இதைச் சுரண்டி எடுக்கப் பார்ப்பவர்கள் உண்டு. தயவுசெய்து சுரண்டாதீர்கள், இல்லாத கீறல் அப்போதுதான் விழும்.

காம்பவுண்ட் என்று பார்த்தால், நான் தொடர்ந்து பயன்படுத்துவது 3எம் ரப்பிங் காம்பவுண்ட். உதிரிபாகக் கடைகளில் சுலபமாகக் கிடைக்கிறது. வெயிலில் நின்ற வண்டியில் போட்டால் தேய்ப்பதற்குள் காய்ந்து திட்டுத் திட்டாகப் பிடித்துக்கொள்ளும். அதனால் காலையில், நிழலில், தகடு தொட்டால் ஜில்லென்று இருக்கும் நேரத்தில் மட்டும். கையகலத்துக்கு மேல் ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்வதில்லை. மைக்ரோஃபைபர் துணியில் கொட்டைப்பாக்கு அளவு எடுத்து, கோட்டுக்குக் குறுக்காகவும் நெடுக்காகவும் மிதமான அழுத்தத்தில் தேய்த்து, துடைத்துப் பார்த்து, வேண்டுமானால் இன்னொரு முறை. பிறகு பாலிஷ், கடைசியில் வாக்ஸ். கதவு விளிம்பு, பானெட்டின் மடிப்புக் கோடு போன்ற இடங்களில் பூச்சு ஏற்கனவே மெலிந்திருக்கும், அங்கே அழுத்தவே கூடாது.

இது எவ்வளவு நாள் நிற்கிறது? கிளியர் கோட்டுக்குள் இருந்த கீறலைத் தேய்த்து எடுத்திருந்தால் அது நிரந்தரமாகவே போய்விட்டது. கைப்பிடிக்குப் பின்னால் மோதிரமும் நகமும் பட்டு விழுந்திருந்த மெல்லிய கோடுகளை ஆரம்ப வருடங்களிலேயே எடுத்தேன். இன்றும் சுத்தமாக இருக்கிறது. திரும்ப வந்தவை எல்லாம் நான் வெறும் வாக்ஸ் போட்டு மூடியவை. வாக்ஸும் எண்ணெய்ப் பசை உள்ள பாலிஷும் கோட்டுக்குள் போய் உட்கார்ந்து கண்ணுக்குத் தெரியாமல் செய்கின்றன. சில முறை கழுவியதும் கோடு பழையபடி நிற்கும். வீட்டில் சொல்லும் தேங்காய் எண்ணெய் வைத்தியமும் இதே கதைதான். பற்பசையில் தேய்மானப் பொடி இருப்பது உண்மை. ஆனால் அது பல்லுக்காகச் செய்யப்பட்டது. கீறலை முழுதாக எடுக்காமல் சுற்றிலும் மங்கலாக ஒரு வட்டத்தை விட்டுவிடுகிறது. அதை எடுக்கக் காம்பவுண்ட்தான் வேண்டும் எனும்போது, அதிலேயே ஆரம்பிப்பது நல்லது.

தீபாவளி, பொங்கல் என்று ஒவ்வொரு பண்டிகைக்கும் முழு வண்டிக்கும் காம்பவுண்ட் போடச் சொல்லும் வாட்டர்வாஷ் கடைகளை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஒவ்வொரு முறையும் கிளியர் கோட் கொஞ்சம் குறைகிறது, குறைந்தது திரும்ப வராது. சென்னை வெயிலில் நிற்கும் வண்டியில் மேல்பூச்சு மெலிந்துபோனால் கூரையும் பானெட்டும் வெளிறி, பிறகு தோல் மாதிரி உரியத் தொடங்கும். அதற்கு மறுபடி பெயின்ட் அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. கீறல் இருக்கும் இடத்தில் மட்டும் போடுங்கள்.

இனி ஆழமான கீறல். முன் ஃபெண்டரில் விரல் நீளத்துக்குத் தகடு தெரியும் கீறல் ஒன்று விழுந்தது. நாங்கள் இருப்பது கடற்கரைப் பக்கம். உப்புக் காற்றுக்குத் தகடு தெரிந்தால் போதும், சில நாளிலேயே செம்பழுப்பு நிறம் எட்டிப் பார்க்கிறது. துரு கோட்டோடு நிற்காமல் பெயின்டுக்கு அடியில் பக்கவாட்டில் பரவிக் கொப்புளமாகத் தூக்கிவிடும். அதனால் அந்த வாரமே உட்கார்ந்தேன். கீறிய இடத்தில் மட்டும் தொட்டு வைக்கும் டச்-அப் பெயின்ட் வாங்கக் காரின் நிறத்துக்கான குறியீடு வேண்டும். என் வண்டிக்கு இசட்2எஸ். சில்வர் என்று மட்டும் கேட்டால் கடையில் ஏதோ ஒரு சில்வரைக் கொடுத்துவிடுவார்கள், குறியீட்டைச் சொல்லி வாங்குங்கள்.

துருப்புள்ளியை வாட்டர் பேப்பரின் (தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) மடித்த முனையால் தேய்த்தெடுத்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் பிசுக்கு போகத் துடைத்து, முதலில் பிரைமரைத் தொட்டு வைத்தேன். பாட்டிலோடு வரும் பிரஷ் இந்த வேலைக்கு ரொம்பத் தடிமன். பல்குத்தும் குச்சியின் நுனியில் ஒரு சொட்டு எடுத்துக் கோட்டின் ஒரு முனையில் வைத்தால், பெயின்ட் தானாகவே பள்ளத்துக்குள் ஓடி நிரம்பும். அது ஓடுவதைப் பார்த்துக்கொண்டே குச்சியை நகர்த்த வேண்டும். காய்ந்ததும் உள்ளே வற்றிக் கீழிறங்கும். அடுத்த பூச்சு வைக்க வேண்டும். மெல்லிய பூச்சுகளாகப் போட்டு, மேலே கிளியர் வைத்து, விளிம்பு மட்டத்தைவிடச் சற்றே மேடாக விட்டேன். ஒரு வாரத்துக்கு மேல் அதைத் தொடவில்லை. நன்றாக இறுகிய பிறகு 2000 நம்பர் வாட்டர் பேப்பரைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, அந்த மேட்டை மட்டும் மட்டமாக்கி, காம்பவுண்டும் பாலிஷும் போட்டு முடித்தேன்.

அந்த இடம் இன்றைக்கும் துருப் பிடிக்கவில்லை. பல மழைக்காலங்களைப் பார்த்துவிட்டது. எனக்கு அதுதான் முக்கியம். ஆனால் கண்ணுக்குத் தெரியுமா என்றால், தெரியும். எங்கள் தெருமுனையில் ஒரு பெயின்டர் அப்போதே சொன்னார்: “சார், வெள்ளைன்னா கண்டே பிடிக்க முடியாது. சில்வரை பிரஷ்ல வெச்சா உள்ள இருக்கிற பொடி இஷ்டத்துக்குப் படுத்துக்கும், ஒரு பக்கம் பார்த்தா கறுப்பாத் தெரியும்.” அப்படியேதான் இருக்கிறது. மெட்டாலிக் நிறங்களில் அலுமினியத் துகள்கள் ஸ்ப்ரேயில் ஒரே சீராகப் படிகின்றன, கையால் தொட்டு வைத்தால் அந்தச் சீர் வராது. நேராக நின்று பார்த்தால் இரண்டடி தள்ளி ஒன்றும் தெரியாது, சாய்வாகப் பார்த்தால் ஒரு மெல்லிய நிழல்கோடு. மெட்டாலிக் கார் வைத்திருப்பவர்கள் இதை எதிர்பார்த்தே வேலையில் இறங்க வேண்டும்.

முழு பேனலும் பெயின்ட் அடித்தால் இந்தத் தொல்லை இல்லை என்று தோன்றலாம். இடது பின்கதவில் ஒடுக்கு விழுந்தபோது ஒரு கடையில் ஒடுக்கைத் தட்டி நிமிர்த்தும் டிங்கரிங் பார்த்து, மேடுபள்ளத்தை நிரப்பும் பட்டி வைத்து, கதவு முழுக்க ஸ்ப்ரே செய்தார்கள். டெலிவரி எடுத்த சாயங்காலம் பிரமாதமாக இருந்தது. மறுநாள் பகல் வெயிலில் முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நிறம் ஒரு சாயல் தள்ளி நின்றது. வருடங்கள் போகப் போக அந்தக் கதவு மட்டும் பளபளப்புக் குறைந்து சோர்ந்துவிட்டது. கம்பெனியில் வெறும் கூட்டை 140 டிகிரி செல்சியஸ் அளவில் சுட்டு பெயின்டை இறுக்குகிறார்கள். ஒயரும் பிளாஸ்டிக்கும் சீட்டும் இருக்கும் வண்டியை வெளியே அப்படிச் சுட முடியாது. பெயின்ட் அடிப்பதற்கென்றே மூடிய அறை (பூத்) இருக்கும் நல்ல இடத்திலேயே 60 டிகிரி வாக்கில்தான் காயவைப்பார்கள். தெருவோரத்தில் அதுவும் இல்லை. சின்னக் கீறலுக்காகக் கம்பெனி பெயின்டை இழக்காதீர்கள் என்று நான் எல்லாரிடமும் வற்புறுத்துவது இதனால்தான். விற்கும்போதும் இது காசு. செகண்ட் ஹேண்ட் வண்டி பார்க்க வருகிறவர்கள் இப்போது பெயின்டின் கனம் அளக்கும் கருவியோடு வருகிறார்கள். 200 மைக்ரானைத் தாண்டினால் உடனே “இந்தப் பக்கம் அடிபட்டிருக்கா?” என்று கேள்வி வரும்.

இன்ஷூரன்ஸில் போட்டுக்கொள்ளலாமே என்று பலர் சொல்வார்கள். தொடர்ந்து ஐந்து வருடம் கிளைம் இல்லாவிட்டால் வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவீதம்வரை தள்ளுபடி கிடைக்கிறது. ஒரு கோட்டுக்காகக் கிளைம் போட்டால் அது போய், மறுபடி முதலிலிருந்து ஏறி வர வேண்டும். அதோடு 1500 சிசி வரையுள்ள கார்களுக்குக் கட்டாயமாக நாம் ஏற்க வேண்டிய 1000 ரூபாயும் இருக்கிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் சின்னக் கீறலுக்குக் கட்டுப்படியாகாது.

பம்பரில் விழும் கீறல்களுக்கு நான் பதற்றப்படுவதே இல்லை. அது பிளாஸ்டிக், துருப் பிடிக்காது. எப்போது நேரம் கிடைக்கிறதோ அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

செராமிக் கோட்டிங் பற்றியும் கேட்கிறார்கள். தண்ணீரும் அழுக்கும் ஒட்டாமல் வழுக்க அது உதவும், பறவை எச்சம் சீக்கிரம் துடைபடும். சாவிக் கீறலையோ ஹேண்டில்பார் உரசலையோ அது தடுக்காது. அதைத் தடுப்பது பிபிஎஃப் எனப்படும் பாலியூரித்தேன் படலம். அது 200 மைக்ரான் அளவு தடிமன், விலையும் அதற்கேற்ப அதிகம். என் வண்டிக்கு அது தேவையென்று தோன்றவில்லை.

கீறல் குறைந்தது எதனால் என்று கேட்டால், துடைக்கும் துணியை மாற்றியதால்தான். எங்கள் குடியிருப்பில் காலையில் வண்டிகளைத் துடைக்கும் அண்ணன் ஒரே வாளித் தண்ணீரில் ஒரே பழைய துணியால் எல்லா வண்டியையும் துடைத்துக்கொண்டிருந்தார். மண்துகளோடு இருக்கும் துணி வட்ட வட்டமாக இழுக்கும் மெல்லிய கோடுகள்தான் வெயிலில் சிலந்திவலை போலத் தெரிகின்றன. என் வண்டிக்கென்று தனியாக மைக்ரோஃபைபர் துணிகளும் வாளியும் கொடுத்து, “அண்ணே, காய்ஞ்ச தூசியைத் துடைக்காதீங்க, முதல்ல தண்ணி ஊத்திடுங்க” என்று கேட்டுக்கொண்டேன். அவரும் அப்படியே செய்கிறார். தினமும் வேண்டாம், வாரம் இரண்டு முறை போதும் என்றும் சொல்லிவிட்டேன், சம்பளத்தில் மாற்றமில்லை. அதற்குப் பிறகு பானெட்டில் புதிதாக வட்டக்கோடு விழவில்லை. கவரையும் எடுத்துவிட்டேன். தூசி படிந்த வண்டிமேல் கவர் போட்டால், காற்றடிக்கும்போதெல்லாம் அது உப்புத்தாள்போல் தேய்க்கிறது.

இப்போது பாக்கி இருப்பது பின்சக்கர வளைவின் உள்விளிம்பு. ஈ.சி.ஆர். ஓட்டத்தில் கல் தெறித்து மூன்று நான்கு இடத்தில் புள்ளியாகப் பெயின்ட் போயிருக்கிறது, ஒன்றில் துரு தெரிகிறது. பழைய பாட்டிலில் பெயின்ட் கெட்டியாகிவிட்டதால் புதிதாக இசட்2எஸ் வாங்கி வைத்திருக்கிறேன். ஐப்பசி மழை பிடிப்பதற்குள், புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்து அதை முடித்துவிட வேண்டும்.