பழைய லேண்ட் ரோவருக்கு எந்த டீசல் எஞ்சின்: 200டிடிஐயா, மெர்சிடிஸ் ஓஎம்617-ஆ?

சீரிஸ் 3 லேண்ட் ரோவரின் 2.25 லிட்டர் பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சினைப் பொருத்த விரும்புவோர் கருதத்தக்க தேர்வுகள் இரண்டு: 1989-இல் டிஸ்கவரியுடன் வந்த 200டிடிஐ, மெர்சிடிஸ் 300டி கார்களின் ஐந்து சிலிண்டர் ஓஎம்617.

முன்னது பழைய லேண்ட் ரோவர் எஞ்சினின் வழித்தோன்றல் என்பதால், அடாப்டர் தகடு (பொருந்தாத எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் இடைத்தகடு) இல்லாமலே சீரிஸ் கியர்பாக்ஸுடன் இணைகிறது. டர்போ தாழ்வாக இருப்பதால் புகைக்குழாயை மாற்றியமைக்க வேண்டும். மெர்சிடிஸுக்கோ அடாப்டர் தகடும் எஞ்சினைச் சட்டத்தில் தாங்கும் புதிய பிடிமானங்களும் தேவை. நீளமும் மிகுதியாதலால் ரேடியேட்டருக்கு இடம் தேடியாக வேண்டும். ஆயினும் டைமிங் பெல்ட்டுக்குப் பதிலாகச் சங்கிலி கொண்ட அந்த எஞ்சினின் நெடிய உழைப்பு உண்மையிலேயே மதிக்கத்தக்கது.

வேலையின் அளவையும் உதிரிபாகங்கள் கிடைப்பதையும் எண்ணிப் பார்க்கையில், நான் தயங்காமல் 200டிடிஐயையே பரிந்துரைப்பேன். நிமிடத்துக்கு 1,800 சுழற்சியிலேயே அது தரும் 265 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை மலைப்பாதையில் பெரும் துணை. ஆனால் அத்தனை விசைக்காக வடிவமைக்கப்படாத பழைய கியர்பாக்ஸில் ஆக்ஸிலரேட்டரை அளவோடுதான் மிதிக்க வேண்டும். சக்கரங்களுக்கு விசையைப் பகிரும் டிஃபரன்ஷியலில் 4.7 விகிதத்துக்குப் பதில் 3.54 பொருத்தினால், நெடுஞ்சாலையில் எஞ்சின் குறைந்த சுழற்சியில், இரைச்சல் குறைந்து ஓடும். அதற்கு முன் டிரம் பிரேக்குகளைச் செப்பனிடுவது கட்டாயம்.