ஏர் சஸ்பென்ஷன் கம்ப்ரஸர்: ரெண்டு தடவ செலவு பண்ணினதுக்கு அப்புறம் எழுதறேன்

வண்டி ஒரு பழைய ஜெர்மன் எஸ்யூவி, நாலு வீலுக்கும் ஏர் சஸ்பென்ஷன், அதாவது காயில் ஸ்பிரிங்குக்கு பதிலா காத்து நெரப்பின ரப்பர் பை (பெல்லோஸ்), அதுக்குக் காத்து அடைக்கறதுதான் கம்ப்ரஸர். 2019ல செகண்ட் ஹேண்ட்ல வாங்கும்போது 68,000 கிலோமீட்டர், இப்ப 1,41,000. வீடு வேளச்சேரி பக்கம்ங்கறதால மழை சீசன்ல வண்டிய ஒரு சுவிட்ச்ல தூக்கிக்கற வசதி எங்களுக்கு நெஜமாவே உயிர் மாதிரி, அதனாலதான் இவ்வளவு செலவுக்கு அப்புறமும் இத வித்துடலாம்னு தோணல.

மொத பிரச்சனை 2021 நவம்பர்ல, அந்த பெரிய மழை சமயம். காலைல வெளிய வந்து பாத்தா முன்பக்கம் அப்படியே குந்திக்கிட்டு இருக்கு. ஸ்டார்ட் பண்ணா கம்ப்ரஸர் "ர்ர்ர்"னு ரெண்டு நிமிஷம் ஓடுது, வண்டி அர இஞ்சு எழும்புது, அப்புறம் டேஷ்போர்டுல மஞ்ச லைட், கம்ப்ரஸர் நின்னுடுது. அது நிக்கறது பழுதுனால இல்ல, ரொம்ப சூடாயிடுச்சுன்னு கம்ப்யூட்டர் ஆஃப் பண்ணிடும், ஆறினதும் மறுபடி ஓட்டும். வொர்க்‌ஷாப்ல ஸ்கேனர் போட்டாங்க, "கம்ப்ரஸர் போயிடுச்சு சார்"னாங்க, ஒன்னே கால் லட்சத்துக்குப் புதுசு மாட்டினாங்க, வண்டி ஜம்முனு எழுந்துச்சு, நானும் சந்தோஷமா வந்துட்டேன். ஏன் போச்சுன்னு அவங்களும் பாக்கல, நானும் கேக்கல.

சரியா 14 மாசம். மறுபடி அதே குந்தல், அதே மஞ்ச லைட்.

இந்த தடவ நண்பர் ஒருத்தர் கோயம்பேடு பக்கம் ஆம்னி பஸ்சுக்கு வேல பாக்கற ஒரு அண்ணன்கிட்ட கூட்டிட்டுப் போனாரு. அவர் ஸ்கேனரயே எடுக்கல, கம்ப்ரஸர் பக்கமும் போகல. "ஓடி ஓடி தேஞ்சிருக்கு தம்பி, காத்து எங்கயோ போகுது, மொதல்ல அதப் பாப்போம்"னாரு. ஒரு டேப் எடுத்து ஒவ்வொரு வீலோட நடு சென்டர்ல இருந்து மேல ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் அளந்து சுண்ணாம்புல எழுதி வச்சாரு. தரைல இருந்து அளக்கக் கூடாது, டயர் காத்து கூடக் கொறைய இருந்தா அளவு மாறிடும். அப்புறம் சஸ்பென்ஷன் ஃபியூஸ உருவிட்டு ராத்திரி முழுக்க வண்டிய அங்கயே விடச் சொன்னாரு. ஃபியூஸ் எதுக்குன்னா, சில வண்டில லாக் பண்ணின பிறகும் கம்ப்யூட்டர் அப்பப்ப முழிச்சு, தாழ்ந்த வீலுக்கு சமமா மத்ததையும் எறக்கிடும், அப்புறம் எந்த மூலை லீக்குன்னே கண்டுபிடிக்க முடியாது.

மறுநாள் காலைல முன்பக்கம் இடது வீல் 46.5 சென்டிமீட்டர்ல இருந்து 41, மத்த மூணும் கிட்டத்தட்ட அசையல. ஒரே மூலை எறங்கினா பெரும்பாலும் அந்த பெல்லோஸோ அதுக்குப் போற பைப் ஜாயின்ட்டோதான். ஒரே ஆக்சில்ல ரெண்டு பக்கமும் எறங்கினா, ஒவ்வொரு வீலுக்கும் காத்த பிரிச்சு விடற வால்வ் பிளாக்கையும் சந்தேகப்படணும். அப்புறம் ஷாம்பு கலந்த தண்ணிய ஸ்ப்ரே பாட்டில்ல ஊத்தி அடிச்சாரு, முதல்ல ஒண்ணும் வரல. வண்டிய ஏத்தி எறக்கி வேற வேற உயரத்துல அடிச்சுப் பாத்தப்பதான், கீழ ரப்பர் மடியற எடத்துல கடுகு சைஸ்ல நுரை பொங்க ஆரம்பிச்சுச்சு. அந்த வெடிப்பு மடிப்பு ஒரு குறிப்பிட்ட எடத்துக்கு வரும்போதுதான் வாயத் தொறக்குது. ஒரே உயரத்துல சோப்பு அடிச்சுட்டு லீக் இல்லனு சொல்றவங்கள நம்பாதீங்க.

இப்ப முக்கியமான விஷயம். கம்ப்ரஸர் உறிஞ்சற காத்துல ஈரம் இருக்கும், சென்னைல கேக்கவே வேணாம். பஸ்ல டேங்க் அடில இருக்கற வால்வ இழுத்து தண்ணிய வெளிய விட்டுடுவாங்க, என் கார்ல அந்த மாதிரி எதுவும் இல்ல, அதுக்கு பதிலா கம்ப்ரஸரோட ஒட்டின ஒரு ட்ரையர், உள்ள சிலிக்கா ஜெல் மணி. காத்து உள்ள போகும்போது மணி ஈரத்த புடிச்சுக்கும், வண்டி எறங்கும்போது காஞ்ச காத்து அதே வழியா திரும்பி வெளிய போறப்ப அந்த ஈரத்தயும் கூட்டிட்டுப் போயிடும். ஆனா பெல்லோஸ் லீக்னா காத்து ஓட்ட வழியாவே போயிடுது, ட்ரையர் பக்கம் திரும்பி வர்றதே இல்ல. அப்ப ஈரம் உள்ள ஏறிக்கிட்டே இருக்கும், காய வழியே இல்ல. அதாவது ஒரு சின்ன லீக் கம்ப்ரஸர அதிகமா ஓட வச்சு பிஸ்டன் ரிங்க தேய்க்குது, ட்ரையரயும் கெடுக்குது, அந்த ஈரம் வால்வ் பிளாக்குக்குப் போய் அதையும் அரிக்குது. என் ட்ரையர பிரிச்சப்போ மணி மழைக்காலத்து உப்பு ஜாடி மாதிரி கட்டி கட்டியா இருந்துச்சு, நடுவுல ரிங் தேஞ்ச கருப்புத் தூள். 14 மாசத்து ஐட்டம் அது, பாக்கவே வயிறு எரிஞ்சுது.

கம்ப்ரஸர் சத்தமே இல்லாம இருந்தா கத வேற. மொதல்ல பேட்டரி, அது வீக்கா இருந்தா இந்த மோட்டார் இழுக்கற கரண்ட்டுக்குத் தாங்காது. அடுத்து ஃபியூஸ், ரிலே (கம்ப்ரஸருக்குப் போற கரண்ட்ட ஆன் ஆஃப் பண்ற சுவிட்ச்). அப்புறம் வண்டி ஏறச் சொல்லி சுவிட்ச் போட்டு, கம்ப்ரஸர் கனெக்டர்ல மீட்டர் வச்சுப் பாருங்க. 12 வோல்ட் வந்தும் ஓடலனா மோட்டார், வோல்ட்டே வரலனா பிரச்சனை வேற எடத்துல. ரிலேய மட்டும் எப்பவும் கம்ப்ரஸரோட சேத்து மாத்திடுங்க. அதிகமா ஓடின ரிலேல பாயின்ட் கருகி ஒட்டிக்கும், அப்புறம் சாவி எடுத்த பிறகும் கம்ப்ரஸர் நிக்காம ஓடும், காலைல பேட்டரி காலி, புது கம்ப்ரஸரும் கருகும்.

நான் ரெண்டாவது தடவ புது கம்ப்ரஸர் போடல. முன்பக்கம் ரெண்டு பெல்லோஸும் மாத்தினேன், ஒரு பக்கம் வெடிச்சா இன்னொண்ணுக்கும் அதே வயசுதான? கம்ப்ரஸருக்கு ரிங் கிட், சிலிண்டர் ஸ்லீவ், புது சிலிக்கா ஜெல், ரிலே. கிட் சில ஆயிரம்தான், பெல்லோஸ்தான் பெரிய செலவு. மோட்டார் நல்லா இருந்து சிலிண்டர் மட்டும் தேஞ்சிருந்தா ரிங் கிட் தாராளமா போதும்ங்கறது என் அனுபவம், மோட்டாரே கருகியிருந்தா அதுல காசு போடாதீங்க.

ஒண்ணு மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கறேன், ஏர் சஸ்பென்ஷன் வண்டிக்கு அடில வெறும் ஜாக்கிய நம்பி தலைய விடாதீங்க. ஜாக் மோட் (வண்டி தானா ஏறி எறங்காம நிறுத்தி வைக்கற செட்டிங்) போட்டு, ஸ்டாண்ட் குடுத்து, அப்புறம் போங்க. காத்து எறங்கினா சொல்லிட்டு எறங்காது. பைப் கழட்டறதுக்கு முன்னாடி பிரஷர வெளிய விட்டுடணும். புது பெல்லோஸ் மாட்டினா காத்து ஏத்தாம வண்டி வெயிட்ட அது மேல எறக்கக் கூடாது, மடிஞ்சு அன்னிக்கே கிழிஞ்சுடும்.

காயில் ஸ்பிரிங்கா மாத்திடுங்கன்னு நெறைய பேர் சொன்னாங்க. திருச்சி ரோட்டுல 100ல போகும்போது அப்பாவுக்கு முதுகு வலிக்காம உக்காந்து வர முடியுது, அதுக்காகவே நான் மாத்தல.

இப்ப ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு, 30,000 கிலோமீட்டர் தாண்டியாச்சு, மஞ்ச லைட் ஒரு தடவகூட வரல. மாசம் ஒரு தடவ டேப் வச்சு ராத்திரியும் காலையும் அளந்து டைரில எழுதறேன். போன வாரம் பின்பக்கம் வலது மட்டும் 6 மில்லிமீட்டர் எறங்கியிருக்கு, மத்த மூணும் 1 மில்லிகூட இல்ல. ஷாம்பு வாங்கி வச்சாச்சு, ஞாயித்துக்கிழம அந்த அண்ணன் வர்றேன்னிருக்காரு.