சீனிப்பாணியா, கணினியா: மலையகத்தில் எடுக்கும் ஸ்லாஷர் படத்துக்கு எந்த இரத்தம் ஏற்றது?

கைக்காசைப் போட்டு, பழைய ஸ்லாஷர் படங்களுக்கு (ஒரு கொலைகாரன் ஒவ்வொருவராக வெட்டிச் சாய்க்கும் திகில் படங்களுக்கு) மரியாதை செய்யும் விதமாக ஒரு படம் எடுக்க நினைப்பவர்கள், கதைக்கும் முகமூடிக்கும் முன்பே ஒன்றைத் தீர்மானித்துவிடுவது நல்லது: இரத்தத்தை எங்கே உண்டாக்கப் போகிறோம்? படப்பிடிப்பு நடக்கும் இடத்திலேயே சீனிப்பாணி காய்ச்சி ஊற்றலாம். அல்லது காட்சியைச் சுத்தமாக எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு ஆறுதலாகக் கணினியில் இரத்தத்தைச் சேர்க்கலாம். ஹட்டனுக்கு அப்பால் உள்ள ஒரு தோட்டத்தில், இயந்திரங்கள் கழற்றப்பட்டு மூடிக்கிடக்கும் பழைய தேயிலைத் தொழிற்சாலையில் நாங்கள் எடுத்த குறும்படத்துக்கு, இரண்டையும் சோதித்துப் பார்த்துவிட்டுப் பாணியையே தெரிவு செய்தோம். ஆகவே இந்த அலசலை முழு நடுநிலையோடு எழுதுவதாக நான் சொல்ல மாட்டேன். பாணியின் பக்கம் சாய்ந்தே எழுதுகிறேன், அதற்கான காரணங்களை மறைக்காமல் சொல்கிறேன்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாணிக்கு வேண்டிய பொருட்கள் கேக் சாமான் விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும். கணினி வழிக்கு வேண்டிய டாவின்சி ரிசால்வ், பிளெண்டர் போன்ற மென்பொருட்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஓரளவு வலுவான கணினி ஏற்கெனவே வீட்டில் இருந்தால், ரூபாய்க் கணக்கில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் வராது. எது அதிகம் நம்பவைக்கும் என்ற வாதமும் பழையதுதான். கை தேர்ந்தவர் செய்தால் இரண்டும் நம்பவைக்கும். அவசரத்தில் செய்தால் இரண்டும் பல்லிளிக்கும்.

மரியாதை செய்வது என்ற நோக்கம் வரும்போது மட்டும் தராசு சற்றுச் சாயத் தொடங்குகிறது. 2006இல் ஆடம் கிரீன் இயக்கிய ‘ஹாட்செட்’ படத்தைப் பாருங்கள். பழைய அமெரிக்கத் திகில் மரபை மீட்பதாக அறிவித்துக்கொண்டு வந்த படம் அது. ‘ஃப்ரைடே த தர்ட்டீன்த்’ வரிசையின் ஏழாவது படத்தை 1988இல் இயக்கிய ஜோன் கார்ல் பியூக்லரை அழைத்துக் கோர ஒப்பனைகளைக் கையாலேயே செய்யவைத்தார்கள். அதே ஏழாவது படத்தில் கொலைகாரன் ஜேசனாக நடித்த கேன் ஹாடரே இதிலும் கொலைகாரன். பழையவர்களின் பெயரை மட்டும் சொல்லி வணங்காமல் அவர்களுடைய வேலைமுறையையும் கையில் எடுத்ததால்தான் அந்த மரியாதை திரையில் தெரிகிறது. எங்களைப் போன்ற சிறிய குழுவுக்கு அப்படிப்பட்ட கைகளை அழைக்க வழியில்லை. ஆனால் வேலைமுறையை யாரும் கற்றுக்கொள்ளலாம்.

பாணியைச் செய்வது எளிது, நிறத்தைப் பிடிப்பதுதான் கடினம். திரவ குளுக்கோஸ் அல்லது கோல்டன் சிரப்பை எடுத்து, சிவப்பு உணவுச் சாயத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். அத்தோடு விட்டால் அது கமராவில் திருவிழாக் கடைச் சர்பத்தாகத்தான் தெரியும். சிவப்பில் உள்ள ரோஸ் சாயலை அடக்க ஒரு சிட்டிகை கொக்கோத் தூளும், வெளிச்சம் ஊடுருவிப் போகாமல் இருக்க வெந்நீரில் கரைத்த கொஞ்சம் சோளமாவும் தேவை. துணியில் வழுக்கிக்கொண்டு ஓடாமல் ஊறிப் பரவுவதற்குப் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டொரு சொட்டு. வாய்க்குள்ளிருந்து வழிய வேண்டிய பாணியில் மட்டும் அதைச் சேர்க்கவே கூடாது. நிறம் சரியா என்று பார்ப்பதற்கு மலையகம் ஒரு வசதி செய்து தந்திருக்கிறது. அட்டை கடித்த இடத்தில் இரத்தம் உறையாமல் நெடுநேரம் கசிந்துகொண்டே இருக்கும். எங்கள் கமராக்காரரின் கணுக்காலில் அப்படிக் கசிந்த இரத்தத்தின் பக்கத்தில் ஒரு சொட்டுப் பாணியை வைத்து, இரண்டையும் ஒரே விளக்கொளியில் படம்பிடித்துப் பார்த்தபோதுதான், எங்கள் கலவையில் கொக்கோ போதாது என்பது தெரிந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. திரையில் எங்களுடையது வெளிறிக் கிடந்தது.

குளிரைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் செய்முறைகள் பெரும்பாலும் பேசுவதில்லை. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியசை ஒட்டியே நிற்கிறது. இரவுப் படப்பிடிப்பில் அதிலும் குறையும். கொழும்பில் தண்ணீராக ஓடும் பாணி, இங்கே இரவு பத்து மணிக்குப் பிறகு இறுகிப்போய்க் குழாயை விட்டு இறங்க மறுக்கும். சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் பாணிப் போத்தலை நிறுத்திவைத்து, ஷொட் தொடங்கும் நேரத்தில் மட்டும் எடுக்க வேண்டும்.

இது சின்ன விடயமாகத் தெரியலாம்; அப்படியல்ல. எங்கள் கதையில் கொலைகாரனின் ஆயுதம், தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி. உண்மைக் கத்தியைத் தளத்துக்குள்ளேயே கொண்டுவரக் கூடாது என்று முதலிலேயே முடிவு செய்து, ரெஜிஃபோமையும் கடின அட்டையையும் வெட்டி, வெள்ளிப் பூச்சடித்து ஒன்றைச் செய்தோம். கமராவுக்குத் தெரியாத பக்கத்தில், அலகின் ஓரமாகச் சேலைன் குழாய் ஒன்றை ஒட்டி, அதன் மறுமுனையில் பிடிக்குள் அடங்கும் சிரிஞ்சைப் பொருத்தினோம். கத்தியைத் தோலின்மேல் இழுத்துக்கொண்டே சிரிஞ்சை அழுத்தினால், போகும் வழியெல்லாம் சிவப்புக் கோடு விழும். மிகப் பழைய தந்திரம் இது, இன்றைக்கும் எடுபடுகிறது. ஆனால் குழாய் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு 1974இல் வந்த ‘டெக்ஸஸ் செயின் சோ மசாக்கர்’ ஒரு பாடம். இரவு விருந்துக் காட்சியில் இப்படிப்பட்ட குழாய் அடைபட்டுப் பொய் இரத்தம் வராமற்போக, முகமூடி அணிந்து நடித்தவர் பொறுமையிழந்து அலகின்மேல் இருந்த பாதுகாப்பு ஒட்டை நீக்கிவிட்டு நடிகையின் விரலை உண்மையாகவே கீறிவிட்டார். அலகே வெட்டாத பொருளாக இருந்தால் அந்த அபாயம் அடியோடு இல்லை.

இனிக் கணினிக்கு வருகிறேன். அதற்குச் சார்பாக ஆகப் பெரிய சாட்சி 2007இல் வெளிவந்த ‘சோடியாக்’. ஒரே ஷொட்டைப் பல தடவை எடுக்கும் வழக்கமுள்ள டேவிட் ஃபின்சர், ஒவ்வொரு தடவையும் உடையை மாற்றி உடலைத் துடைத்துத் தயார்ப்படுத்தும் நேரத்தை மிச்சப்படுத்துவதற்காகவே அந்தப் படத்தின் இரத்தத்தைக் கணினியில் சேர்க்கவைத்தார். பார்ப்பவர்களில் பெரும்பாலானோர் அதைக் கவனிப்பதேயில்லை. நடிகருக்குக் குளிராது, சாயம் ஒட்டாது, தளம் அழுக்காகாது, நடிப்பு சரியாக வரும்வரை எத்தனை தடவையும் எடுக்கலாம். இவை அனைத்தும் உண்மையான நன்மைகள்.

ஆனால் எங்கள் மலையில் அந்த வழிக்குக் குறுக்கே நிற்பது பனிமூட்டம். நடிகரின் நெஞ்சில் இரத்தக் கறையை ஒட்ட வேண்டுமானால், அந்த நெஞ்சு திரையில் எங்கெங்கே நகர்கிறது என்று மென்பொருள் ஒவ்வொரு பிரேமிலும் பின்தொடர வேண்டும். வினாடிக்கு 24 பிரேம் என்றால் பத்து வினாடி ஷொட்டில் 240 பிரேம். பின்தொடர்வதற்குச் சட்டைப் பொத்தான், தையல் போன்ற தெளிவான புள்ளிகள் தேவை. பனி புகுந்ததும் அவை மங்கும், மறையும், மறுபடி தெரியும். மென்பொருள் பிடியை விட்டுவிடும். பிறகு கையால் ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியதுதான். போதாததற்கு, நபருக்கும் கமராவுக்கும் இடையில் பனி தடிக்கும்போது சட்டையின் நிறம் வெளிறுவதுபோல இரத்தத்தின் நிறமும் வெளிற வேண்டும். இல்லாவிட்டால் கறை பனிக்கு முன்னால் மிதக்கும். இரவில் கைத்தொலைபேசிக் கமராவில் எழும் புள்ளிப் புள்ளியான இரைச்சலையும் அந்தக் கறையின்மேல் பொருத்த வேண்டும். பாணியோ பனிக்குள்ளேயே இருக்கிறது, பனி அதன்மேலும் படிகிறது. மலையில் படம் எடுப்பதே அந்தப் பனிக்காகத்தான் என்றிருக்கும்போது, பனியை எதிரியாக்கும் வழியை நாங்கள் ஏன் எடுக்க வேண்டும்?

இருந்தாலும் எங்கள் முடிவைத் தீர்மானித்தது பனிமூட்டம்கூட அல்ல. ஃபின்சர் எதற்காகக் கணினிக்குப் போனாரோ அதே விடயம்தான்: ஒரு ஷொட் முடிந்து, மறுபடி எடுக்கத் தயாராகும் நேரம்.

அந்த நேரம் மலையகத்தில் எவ்வளவு கொடியது என்பதை முதலில் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். நடிகரின் சட்டையைக் கழற்றி, ஒட்டிய பாணியை வெந்நீரில் துடைத்து, சாயம் தோலில் ஏறிவிட்டதா என்று பார்த்து, ஏறியிருந்தால் மேலே ஒப்பனை பூசி, அதே நிறத்தில் வேறொரு சட்டையைப் போட்டுவிட வேண்டும். முன்கூட்டியே தோலில் வாசலின் தடவியிருந்தால் சாயம் அவ்வளவாகப் பிடிக்காது. ஒரே மாதிரியான சட்டைகள் இரண்டு மூன்று வாங்கினாலும், துவைத்தது அடுத்த இரவுக்குள் காயாது. மழைக்காலத்தில் எங்கள் காம்பராக்களில் சாதாரணத் துணியே நாட்கணக்கில் ஈரமாகத் தொங்குவது எல்லோருக்கும் தெரியும். கொழுந்து வாடப்போடும் மேல்மாடியின் பலகைத் தளம் சாயத்தைக் குடித்துவிடும். ஆகவே பொலித்தீன் விரித்து, அதன்மேல் அந்த மாடியிலிருந்து கூட்டி எடுத்த தூசியையே தூவ வேண்டும். மிஞ்சிய பாணிக்கு விடியுமுன் எறும்பு வந்துவிடும். தோட்டத் தலைவரிடமும் காரியாலயத்திலும் முன்கூட்டியே சொல்லி அனுமதி பெற்றிருந்தும், பீலிக்கரையில் சட்டை அலசியபோது சிவப்பாக ஓடிய தண்ணீரைப் பார்த்துவிட்டு, “ஐயோ தம்பி, யாருக்கு வெட்டுப்பட்டது?” என்று ஒரு அம்மா பதறிக்கொண்டு ஓடிவந்தார். அவரை உட்காரவைத்து விளக்கிச் சொல்லும்வரை அவருடைய கை நடுங்கிக்கொண்டிருந்தது. கணினி வழியில் இப்படி யாரையும் கலங்கவைக்க வேண்டியிருக்காது. அது பாணியின்மேல் நான் வைக்கும் நியாயமான குறை.

இத்தனைக்குப் பிறகும் பாணியை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம், அந்தச் சிரமமே படத்தின் வடிவத்தைத் தீர்மானித்தது என்பதுதான். ஒரு கொலையை ஓரிரவில் ஒரு தடவை, மிஞ்சிப்போனால் இரண்டு தடவைதான் எடுக்க முடியும் என்று தெரிந்தவுடன், எழுத்திலேயே கொலைகள் குறைந்தன. இரத்தமில்லாத ஷொட்டுகள் அனைத்தையும் முதலில் எடுத்துவிட்டு, இரத்தத்தைக் கடைசிக்குத் தள்ளினோம். அப்படித் தள்ளியதால், படத்தொகுப்பு மேசைக்கு வந்தவற்றில் பெரும்பகுதி காத்திருப்பாகவே இருந்தது: தேயிலை நிரைகளுக்கு நடுவே நிற்கும் உருவம், கம்பிச் சன்னலுக்கு வெளியே போகும் டோர்ச் வெளிச்சம், பெயரைக் கூப்பிட்டும் பதில் வராத மாடிப்படி. 1978இல் மூன்று இலட்சம் டொலரைச் சற்றே தாண்டிய செலவில் எடுக்கப்பட்ட ‘ஹாலோவீன்’ படத்தில் இரத்தம் மிகச் சொற்பம். பயம் முழுவதும் வெற்றுத் தெருவிலும், இயக்குநர் ஜோன் கார்பென்டரே அமைத்த ஐந்து தட்டுத் தாள இசையிலும், வேலியோரம் நின்று மறையும் ஒரு வெள்ளை முகத்திலும் இருக்கிறது. கைக்குள் அடங்கிய பணத்துக்கும் நேரத்துக்கும் ஏற்ப வேலை செய்த அந்தக் காலத்து இயக்குநர்கள் காத்திருப்பைத் தங்கள் பலமாக்கிக்கொண்டார்கள். கணினியில் சோதித்துப் பார்த்தபோது எங்களுக்கு நேர்மாறாக நடந்தது. இரத்தம் செலவில்லாமல் கிடைத்ததால், இன்னொரு வெட்டு, இன்னொரு தெறிப்பு என்று கை நீண்டுகொண்டே போனது, காத்திருப்பு சுருங்கியது.

ஒரே தடவைதான் என்றால் குழுவும் வேறுவிதமாக வேலை செய்யும். 1980இல் வந்த ‘ஃப்ரைடே த தர்ட்டீன்த்’ முதல் படத்தில், கட்டிலுக்கு அடியிலிருந்து அம்பு கழுத்தைத் துளைத்து வரும் காட்சியில், இரத்தம் அனுப்பும் பம்பின் குழாய் கழன்றுவிட்டது. கோர ஒப்பனை செய்த டாம் சவினியின் உதவியாளர் அந்தக் குழாயை வாயில் வைத்து ஊதினார். அதனால்தான் இரத்தம் விட்டுவிட்டுப் பீறிடுகிறது. மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் இருந்திருந்தால் அவர் குழாயைக் கீழே வைத்திருப்பார்.

என் அனுபவம் போதாத இடங்களையும் சொல்ல வேண்டும். நாங்கள் படம் எடுத்தது மழை குறைந்த மாதங்களில். மே மாதத்துக்குப் பிறகு தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது வெளிப்புறத்தில் பாணி நிற்குமா, ஓடிவிடுமா என்பதை நான் பார்க்கவில்லை. ஓடிவிடும் என்றே நினைக்கிறேன். இறப்பர்ப் பாலில் சிறிய வெட்டுக்காயங்களை மட்டுமே செய்தோம். குளிரில் அது காயச் சுணங்கும், அமோனியா நெடி அடிக்கும், சிலருக்குத் தோலில் ஒவ்வாமை தரும் என்பதால், முதல்நாளே முழங்கையின் உட்பக்கத்தில் ஒரு பொட்டு வைத்துப் பார்ப்பது அவசியம். அறுந்த கை, பிளந்த தலை போன்ற பெரிய வேலைகளைப் பற்றி நான் சொல்வதை யாரும் கணக்கில் எடுக்க வேண்டாம். அதேபோல, எங்கள் குழுவில் கணினி வேலை பார்த்தவர் அடிப்படை தெரிந்தவர் மட்டுமே. தொழிலாகச் செய்பவர் ஒருவர் உங்களுடன் இருந்தால் பனிமூட்டம் பற்றிய என் வாதம் ஓரளவு பலமிழக்கும். பத்துப் பேர் வரிசையாகச் சாகும் கதையை ஒரு வார விடுமுறைக்குள் எடுத்து முடிக்க வேண்டியவர்களுக்கும் கணினியே கைகொடுக்கும்.

நாங்களும் கணினியை முழுதாக ஒதுக்கவில்லை. கத்தியைத் திருப்பும்போது ஒரு கணம் எட்டிப் பார்த்த சேலைன் குழாயை அங்கேதான் அழித்தோம். கண்ணுக்கு மிக அருகில் வழிய வேண்டிய இரத்தத்தையும் அதற்கே விட்டோம். சாயமும் பாத்திரம் கழுவும் திரவமும் கலந்த பாணி கண்ணுக்குள் போனால் எரிச்சல் தாங்காது. அந்த ஷொட்டுக்காகக் கமராவை முக்காலியில் அசையாமல் நிறுத்தி, கதவைச் சாத்திப் பனி புகாத அறைக்குள் நடிகையைச் சுவரோடு சாயவைத்து எடுத்ததால், பின்தொடரும் வேலை ஒரே மாலையில் முடிந்துவிட்டது.