பி.எஸ்.கே 31-ஆ, எஃப்.டி 8-ஆ?

ரெண்டும் அமெச்சூர் ரேடியோக்காரர்கள் கணினியை வானொலியோடு இணைத்து எழுத்துச் செய்தி அனுப்பும் முறைகள். ரெண்டுக்கும் பாதை ஒன்றுதான். சிற்றலை மேலே போய் வளிமண்டலத்தின் மேலே மின்னேற்றம் பெற்ற அடுக்கான அயனி மண்டலத்தில் வளைந்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இறங்கும். ஆனால் குணம் வேறு.

1998-இல் பீட்டர் மார்ட்டினெஸ் கொண்டுவந்த பி.எஸ்.கே 31-இல் அரட்டை அடிக்கலாம். நிமிடத்துக்குச் சுமார் 50 சொற்கள். நீங்கள் தட்டத் தட்ட எதிர்முனைத் திரையில் எழுத்து விழும். தகவல் இருப்பது அலையின் கட்ட (phase) மாற்றத்தில், பிழைதிருத்தமும் கிடையாது. துருவப் பக்கம் போகும் பாதையில் அயனி மண்டலம் குலுங்கினால், ஊர்ப்பெயர் வரவேண்டிய இடத்தில் வெறும் கிறுக்கல்தான் வரும்.

எஃப்.டி 8 பிறந்தது 2017-இல். உருவாக்கியவர்களில் ஒருவர் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஜோ டெய்லர். 15 விநாடி நான் அனுப்பினால், அடுத்த 15 விநாடி கேட்க வேண்டும். ஒரு முறைக்கு 77 பிட்தான்: அழைப்புக்குறி (நிலையத்தின் அடையாளப் பெயர்), இருப்பிடக் கட்டம் (வரைபடத்தில் நிலையம் இருக்கும் சதுரத்தின் குறி), சிக்னல் அளவு. சொந்தமாக எழுத 13 எழுத்து. நலம் விசாரிக்கக்கூட இடமில்லை! கணினிக் கடிகாரம் சில விநாடி பிசகினால் ஒன்றும் தேறாது. ஆனால் எட்டுத் தொனிகளும் பலமான பிழைதிருத்தமும் இருப்பதால், இரைச்சலைவிட 20 டெசிபெல் கீழே கிடப்பதையும் தோண்டி எடுத்துவிடும். காதுக்கு அங்கே எதுவுமே கேட்காது.

மொட்டைமாடியில் ஒரு கம்பி, சில வாட் சக்தி, அவ்வளவுதானா? எஃப்.டி 8 போதும். 14.074 மெகாஹெர்ட்ஸில் எப்போதும் சந்தைக்கூட்டம். மனுஷனோடு பேச ஆசை என்றால் பி.எஸ்.கே 31 இருக்கும் 14.070-க்கு இறங்குங்கள், சில நாள் வெகுநேரம் கூப்பிட வேண்டியிருக்கும்.