கால் பெருவிரல் மூட்டு: சீவி எடுப்பதா, ஒட்டிவிடுவதா?

கோணேசர் கோயிலுக்குப் போகும்போது கோட்டை வாசலிலிருந்து மேலே ஏறுகிற வழியில் எங்கள் அக்கா மான் பார்க்கிற சாட்டில் நாலு இடத்தில் நிற்பார். கால் வலி என்று மட்டும் வாய் திறக்கமாட்டார். கடைசியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் வலது பெருவிரல் அடி மூட்டில் குருத்தெலும்பு தேய்ந்து, மேல்பக்கம் எலும்பு முள்ளாக வளர்ந்து, விரல் மேலே மடங்க இடமே இல்லை. ஹாலக்ஸ் ரிஜிடஸ் என்கிறார்கள். (யூரிக் அசிட் மூட்டில் படிந்து வரும் கவுட் வருத்தமும் பெரும்பாலும் இதே மூட்டைத்தான் பிடிக்கும், அதற்கு மருந்து வேறு. யூரிக் அசிட் பார்க்காமல் கத்தி பற்றிப் பேசவே வேண்டாம்.)

அடி வளையாத கெட்டிச் சப்பாத்து, வலி மாத்திரை, மூட்டுக்குள் ஊசி எல்லாம் முதலில் பார்க்க வேண்டியவை. ஆனால் திருகோணமலை வெயிலில் நாள் முழுக்கச் சப்பாத்தோடு யார் இருப்பது? வீட்டுக்குள்ளும் கோயிலிலும் வெறுங்கால்தானே.

சரி, சத்திரசிகிச்சை என்றால் முதல் வழி முள்ளைச் சீவுவது, சீலெக்டமி. முள்ளோடு சேர்த்து, மூட்டில் சேரும் பாத எலும்பின் தலையில் மேல்பக்கத்தில் கால்வாசி அளவும் எடுப்பார்கள். மூட்டு மூட்டாகவே இருக்கும், சில நாளில் காலூன்றி நடக்கலாம், பிறகு சரிவராவிட்டால் ஒட்டுகிற வழியும் திறந்தே இருக்கிறது. எனக்கு முதலில் பிடித்தது இதுதான். ஆனால் இது தேய்மானத்தை நிறுத்தாது. மேலே மடக்கும்போது மட்டும் வலிப்பவர்களுக்குச் சரி. விரலை எந்தப் பக்கம் அசைத்தாலும், பாதி வளைவிலேயே, மூட்டின் நடுவில் குத்துகிறதென்றால் சீவி என்ன பயன்?

அக்காவுக்கு அந்த நடு வலிதான். அதனால் ஒட்டுவது, அதாவது மிச்சக் குருத்தெலும்பைச் சுரண்டிவிட்டு இரண்டு எலும்பையும் பிளேட், ஸ்குரூ போட்டு ஒன்றாக்குவது. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நன்றாக ஒட்டிவிடுகிறது, உரசுவதற்கு மூட்டே இல்லாததால் அந்த வலியும் போகிறது. விலை என்னவென்றால் அந்த மூட்டு இனி ஒருபோதும் மடங்காது. விரலைத் தரையிலிருந்து 10 - 15 பாகை உயர்த்தி வைத்தே ஒட்டுவார்கள். கோணம் பிசகினால் நுனி நிலத்தில் குத்தும், அல்லது சப்பாத்தில் உரசும். நடக்கலாம், மலையும் ஏறலாம், குதி உயர்ந்த செருப்பை மறக்கவேண்டும். ஆறு கிழமையளவு குதிக்காலில் பாரம் போட்டு விசேஷச் சப்பாத்தோடு நடை, வீக்கம் வற்ற மாதக்கணக்கு. புகைப்பவர்களுக்கு எலும்பு ஒட்டுவது பிந்தும், சீனி வருத்தம் இருந்தால் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகுதான் யோசிக்கவேண்டும்.

செயற்கை மூட்டு வைப்பது கேட்க இனிக்கும். சிலிக்கோன் மூட்டுகள் தேய்ந்து துகள் உதிர்ந்து சுற்றியுள்ள எலும்பைக் கெடுத்த கதை பழையது. 2016இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கார்ட்டிவா என்ற செயற்கைக் குருத்தெலும்பை தயாரித்த நிறுவனமே 2024இல் திரும்பப் பெற்றது. அது பழுதானால் எலும்புக் குழியை நிரப்பிவிட்டுத்தான் ஒட்டவேண்டும், வேலை இரட்டிப்பு. நான் இதைத் தொடமாட்டேன்.

ஆனால் அக்காவுக்குச் சரியானது எல்லோருக்கும் சரியில்லை. கிண்ணியாவில் ஒரு நண்பருக்கும் இதே வருத்தம், அவருடையது இன்னும் முற்றவில்லை. ஐந்து நேரத் தொழுகையிலும் சுஜூதில், அதாவது நெற்றியைத் தரையில் வைக்கும்போது, விரலை மடக்கி ஊன்றுகிறவர், ஒட்டினால் அது முடியாது, அதனால் சீவித்தான் பார்க்கப்போகிறார். கரைவலை இழுக்கிறவருக்கும் இதே கேள்விதான், மணலில் விரலை ஊன்றித் தள்ளித்தானே பின்னால் நடக்கிறார்கள். டொக்டரிடம் போகும்போது எக்ஸ்ரேயோடு இதையும் சொல்லுங்கள், அவர் கேட்க மறந்தாலும்.

அக்கா ஒட்டுவதற்குச் சம்மதம். தேதி மட்டும் மாசி சிவராத்திரிக்குப் பிறகு. மாரி மழையில் முற்றம் முழுக்கத் தண்ணீர் நிற்கும்போது கட்டுப்போட்ட காலோடு குதிக்காலில் கிணற்றடிக்குப் போய்வர அவரால் ஏலாது.