சனசமூக நிலையத்துக்குக் காசு: டி.எஸ். கந்தோரா, பிரதேச சபையா?

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் அடுக்கியிருக்கும் பிளாஸ்டிக் கதிரைகளின் முதுகில் எந்த நிதி, எந்த வருடம் என்று பெயின்றால் எழுதியிருக்கும். செத்த வீட்டுக்கும் சாமத்திய வீட்டுக்கும் போய்வந்து எழுத்துப் பாதி அழிந்துவிட்டது. கதிரைகளுக்குப் பின்னால் நிற்கிற சுவர் மட்டும் இன்னமும் பூசாமல் கல் தெரிய நிற்கிறது. இரண்டுமே அரச காசுதான், அதுவும் ஒரே வாசலால் வந்தது. ஆனால் ஒன்று சுலபமாக முடிந்தது, மற்றது எங்களை முறித்துவிட்டது.

முதலில் டி.எஸ். கந்தோர், அதாவது பிரதேச செயலகம். பழைய ஆட்களுக்கு அது இன்னமும் ஏ.ஜி.ஏ. கந்தோர்தான். 1974 முதல் நடைமுறையில் உள்ள பன்முகப்படுத்தப்பட்ட நிதி இந்த வழியால்தான் வரும். எம்.பி. முன்மொழிவார், மாவட்டச் செயலகம் அனுமதிக்கும், பிரதேச செயலகம் வேலையைச் செய்விக்கும். கதிரை, கிடாரம், ஒலிபெருக்கி என்று பொருளாகக் கேட்டால் தலையிடி குறைவு. விலை கேட்டு வாங்குவது அவர்கள் பாடு. நாங்கள் கையெழுத்து வைத்து, இருப்புப் புத்தகத்தில் பதிந்தால் சரி.

கட்டட வேலை அப்படியல்ல. சங்கத்தின் பெயரில் ஒப்பந்தம் எழுதுவார்கள். சீமெந்துக்கும் மேசனுக்கும் முதலில் எங்கள் கைக்காசு போகவேண்டும். பிறகு ரி.ஓ. (தொழில்நுட்ப உத்தியோகத்தர்) வந்து நாடா பிடித்து அளந்து, அளந்ததற்குத்தான் பில். நிதியாண்டு டிசம்பர் 31 உடன் முடிகிறது. அனுமதி ஆவணி, புரட்டாதியில் கைக்கு வந்தால் வேலை தொடங்குவது ஐப்பசியில், அதாவது சரியாக மாரி தொடங்கும்போது. மணல் லொறி ஒழுங்கைக்குள் வராது, பூச்சுக் காயாது. எங்கள் பின்சுவர் அப்படித்தான் நின்றுபோனது. பூசாத பங்குக் காசு வருட முடிவோடு திரும்பிப் போய்விட்டது. யாழ்ப்பாணத்து மழையை யோசித்து அந்தத் திகதியை யாரும் வைக்கவில்லை.

பிரதேச சபையின் காசு சிறியது. சில வருடங்களில் கேட்கவே வெட்கமாக இருக்கும். ஆனாலும் சனசமூக நிலையத்துக்குத் தாய்வீடு அதுதான். பதிவு அங்கே, கணக்கறிக்கை காட்டுவதும் அங்கே. வாசிகசாலைக்குப் பத்திரிகை, எரியாத விளக்கு, ஒழுங்கை வெள்ளம் போன்ற சில்லறைத் தேவைகளுக்கு எம்.பி. வரை போவது வீண் வேலை. 2023 மார்ச்சில் சபைகள் கலைந்தபின் இரண்டு வருடத்துக்கு மேல் கேட்பதற்கு உறுப்பினரே இல்லை, சபைச் செயலாளருக்கு எழுதிவிட்டுக் காத்திருந்தோம். 2025 மே தேர்தலுக்குப் பிறகு படலையடியில் மறித்துக் கேட்க ஆள் இருக்கிறது. இது சின்ன விசயமில்லை.

மாகாண சபைப் பக்கம் நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. 2018 ஒக்டோபரோடு உறுப்பினர்களின் காலம் முடிந்தது, பிறகு தேர்தலே இல்லை. திணைக்களங்கள் இயங்குகின்றன. கிராம அபிவிருத்திச் சங்கமோ மாதர் சங்கமோ வைத்திருப்பவர்கள் அங்கேயும் ஒரு கடிதம் போட்டுவைக்கலாம்.

வெளிநாட்டில் இருக்கும் ஊர்ச் சங்கத்தை இவற்றோடு ஒப்பிடுவது நியாயமா தெரியவில்லை, ஆனால் நிர்வாகக் கூட்டத்தில் எல்லோரும் ஒப்பிடுகிறார்கள். காசு கெதியாக வரும், தை மாதத்திலேயே வேலை தொடங்கலாம். ரி.ஓ.வுக்குப் பதிலாக வாட்ஸ்அப்பில் படம் கேட்பார்கள், அவ்வளவுதான்.

என் கணக்கு இது. பொருள் என்றால் டி.எஸ். கந்தோர். வருடாவருடம் வரும் சில்லறைச் செலவென்றால் சபை. கட்டடம் என்றால், முன்னுக்குப் போட முதலும் காணி உறுதியும் கையில் இல்லாமல் அரச காசைக் கேட்கவேண்டாம். காணி யாரோ ஒரு அப்பு வாய்ச்சொல்லில் தந்ததாக இருந்தால் கோப்பு அங்கேயே படுத்துவிடும்.

இந்த முறை சபைக்கு விளக்குக்கு எழுதியிருக்கிறோம், டி.எஸ். கந்தோருக்கு இரண்டு கிடாரம். பின்சுவரைப் பற்றிக் கனடாவில் இருப்பவர்களோடு கதை நடக்கிறது. காசு பிரச்சினையில்லையாம். கல்வெட்டில் யாருடைய பெயர் முதலில் வருவது என்பதில்தான் இழுபடுகிறது.