இன்டராக்டிவ் படமா, நேர்ப்படமா: எங்கள் குறும்படத்துக்கு எது சரி?

எங்கள் குழு அடுத்து எடுக்கப்போகும் குறும்படத்தில், பூர்வீக வீட்டை விற்கக் கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று ஒரு பெண் முடிவெடுக்க வேண்டும். அந்த இடத்தில் படத்தை நிறுத்தி, முடிவைப் பார்ப்பவர் கையிலேயே கொடுத்து இன்டராக்டிவ் படமாக எடுக்கலாம் என்று குழுவில் பாதிப்பேர் சொன்னார்கள். மீதிப்பேர் வழக்கம்போல ஒரே ஓட்டமாக, நேர்ப்படமாக எடுத்து யூடியூபில் போடலாம் என்றார்கள். நிறையப் பேசி, கடைசியில் இரண்டாவதையே எடுத்துக்கொண்டோம். நான் முதலிலிருந்தே அந்தப் பக்கம்தான்.

செலவு பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2018 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘பேண்டர்ஸ்நாட்ச்’ என்ற இன்டராக்டிவ் படத்தை ஒருவர் ஒரு தடவை பார்த்து முடிக்கச் சுமார் ஒன்றரை மணி நேரம் ஆகும். அதற்காக எடுத்து வைத்த காட்சிகள் ஐந்து மணி நேரத்துக்கும் மேல். இரவல் கேமராவோடு அலையும் குழுவுக்கு இது கட்டுப்படியாகாது.

பார்ப்பவர்களுக்குப் பிடிக்குமா என்பதைத்தான் யோசிக்க வேண்டியிருந்தது. புதுமை என்றால் கூட்டம் வரும், சந்தேகமில்லை. 1967-இல் மான்ட்ரியல் உலகக் கண்காட்சியில், செக்கோஸ்லோவாக்கியா அரங்கில், ராதூஸ் சின்செரா ‘கினோஆட்டோமாட்’ என்ற இன்டராக்டிவ் படத்தைக் காட்டினார். ஒவ்வொரு இருக்கையிலும் ஒரு சிவப்புப் பொத்தான், ஒரு பச்சைப் பொத்தான். துண்டை மட்டும் சுற்றிக்கொண்டு தன் வீட்டுக்கு வெளியே மாட்டிக்கொண்ட பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கதாநாயகன் உள்ளே விடலாமா? அந்த இடத்தில் படம் நிற்கும். மேடைக்கு ஒருவர் வந்து கேட்பார், அரங்கம் ஓட்டுப் போடும், பெரும்பான்மை சொன்ன வழியில் கதை போகும். எந்த வழியில் போனாலும் மறுபடி ஒரே இடத்துக்கு வந்து சேரும்படிதான் கதையை அமைத்திருந்தார்கள். ஆனாலும் மக்கள் ரசித்தார்கள். பக்கத்து இருக்கைக்காரர் எந்தப் பொத்தானை அமுக்கினார் என்று எட்டிப் பார்ப்பதிலேயே பாதி ரசனை இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

வீட்டில் நிலைமை வேறு. ‘பேண்டர்ஸ்நாட்ச்’ கேட்கும் முதல் கேள்வி, காலைச் சாப்பாட்டுக்குப் பாலில் போட்டுச் சாப்பிடும் தானிய உணவில் எது என்பது. திரைக்குக் கீழே ஒரு கோடு சுருங்கிக்கொண்டே வரும். பத்து வினாடிக்குள் அமுக்காவிட்டால் படமே ஒன்றைத் தேர்ந்துகொண்டு போய்விடும். எங்கள் வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்த்தபோது, ரிமோட் வைத்திருந்த தம்பி மட்டும்தான் படத்துக்குள் இருந்தான். மற்றவர்களுக்கு அது வேறு யாரோ ஆடும் ஆட்டம். சாப்பிட்டுக்கொண்டே பார்த்த அம்மா, “கதையை அவங்களே சொல்லிட்டுப் போகட்டுமேடா” என்றார். நாங்கள் யாருக்காகப் படம் எடுக்கிறோமோ, அவர்களில் பெரும்பாலானோர் அம்மாவைப் போலத்தான் பார்க்கிறார்கள்.

ஆனால் எங்களை நேர்ப்படத்தின் பக்கம் சாய்த்தது வேறொன்று: படம் எத்தனை நாள் உயிரோடு இருக்கும்? நேர்ப்படம் ஒரே ஒரு ஃபைல். யூடியூப் இல்லாவிட்டால் வேறு தளம், அதுவும் இல்லையென்றால் பென் டிரைவ். டிவியில் செருகினால் ஓடும். இன்டராக்டிவ் படத்துக்கு அதை ஓட்டும் பிளேயரும் கூடவே உயிரோடு இருக்க வேண்டும். யூடியூப் 2008-இல், வீடியோவின் மேலேயே கிளிக் செய்யக்கூடிய அனோடேஷன் பெட்டிகளைக் கொண்டுவந்தது. அதை நம்பி எத்தனையோ பேர் ‘இடது கதவா, வலது கதவா’ என்று கேட்கும் கதைகளை எடுத்தார்கள். அந்தப் பெட்டிகள் செல்போனில் வேலை செய்யாது. பார்ப்பவர்களோ செல்போனுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். 2017-இல் புதிதாகச் சேர்க்கும் வசதியை எடுத்தார்கள். 2019 ஜனவரியில் பழையவற்றையும் மொத்தமாக நீக்கிவிட்டார்கள். அப்படிப்பட்ட வீடியோவை இன்று திறந்தால், நடிப்பவர் விரலை நீட்டி ‘இங்கே அமுக்குங்கள்’ என்கிறார். அங்கே அமுக்க ஒன்றுமே இல்லை.

பெரிய இடத்திலும் இதே கதிதான். ‘பேண்டர்ஸ்நாட்ச்’ 2019-இல் சிறந்த தொலைக்காட்சிப் படத்துக்கான எம்மி விருது வாங்கியது. 2024 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் தன் இன்டராக்டிவ் படைப்புகளில் பெரும்பாலானவற்றைத் தூக்கியது; 2025 மே மாதம் இதையும் தூக்கிவிட்டது. எம்மி வாங்கிய படமே ஏழு வருஷம் தாக்குப்பிடிக்கவில்லை. எங்கள் கால் மணி நேரப் படத்தை யார் கட்டிக் காப்பார்கள்? அதிலும் எங்கள் மாதிரி ஆட்களின் படத்துக்கு முதல் வாரமே கூட்டம் வராது. யாரோ ஒருவர் இரண்டு வருஷம் கழித்துப் பார்த்துவிட்டு, குடும்ப வாட்ஸப் குரூப்பில் போடுவார். அன்றைக்கும் அது ஓட வேண்டும்.

நேர்ப்படம் பார்ப்பவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்றும் நினைக்க வேண்டாம். கமெண்டில் நிமிடக் கணக்கைப் போட்டு, ‘இந்த இடத்தில் அவன் அப்படிப் பேசியிருக்கக் கூடாது’ என்று சண்டைக்கு வருவார். எல்லோரும் ஒரே படத்தைப் பார்த்திருப்பதால்தான் அந்தச் சண்டை நடக்கிறது. ஆளுக்கொரு முடிவு பார்த்திருந்தால், ‘எனக்கு வேற மாதிரி வந்துச்சே’ என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

இன்டராக்டிவ் படத்துக்கு ஒரு பலம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். நம் கையால் அமுக்கி ஒரு பாத்திரத்துக்குக் கெடுதல் வந்தால் ஏற்படும் உறுத்தலை நேர்ப்படம் தராது. கேம் ஆடிப் பழகியவர்களுக்கு இது இன்னும் ஆழமாக இறங்கும் போல. எனக்கு அந்தப் பழக்கம் குறைவு, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். இரண்டுக்கும் நடுவே ஒரு வழியும் இருக்கிறது. மார்க்கிப்ளையர் என்ற யூடியூபர் 2019-இல் யூடியூபிலேயே 31 முடிவுகள் கொண்ட ஒரு கொள்ளைக் கதையைச் செய்தார். ஒவ்வொரு கிளையும் தனி வீடியோ. கடைசியில் வரும் லிங்கை அமுக்கி அடுத்ததுக்குப் போக வேண்டும். நாங்கள் எப்போதாவது இரண்டாவது முடிவு எடுத்தால் இப்படித்தான் போடுவோம். லிங்க் போனாலும் இரண்டு வீடியோவும் தனித்தனியாக ஓடும்.